பத்துமணிப் பூச்செடி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியிலும் வாசல் ஓரத்திலும் பத்துமணிப் பூ வளர்ப்பவன் என்பதால், அக்கம்பக்கத்தாரும் நண்பர்களும் இச்செடியைப் பற்றி என்னிடம் அடிக்கடி ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் செடி வாடிய பிறகோ அழுகிய பிறகோதான் அந்தக் கேள்விகள் வரும். அவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். செடி வாங்கும் முன்பே இதைப் படித்துவிட்டால் பாதிச் செடிகளாவது பிழைக்கும் என்பது என் நம்பிக்கை.

பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ், பட்டு ரோஸ் ஆகிய மூன்றும் ஒரே செடிதானா?

ஆம், ஊருக்கு ஊர் பெயர்தான் மாறுகிறது. தாவரவியலில் இதன் பெயர் போர்ச்சுலாகா கிராண்டிஃபுளோரா. காலையில் வெயில் ஏறியதும் விரிவதால் பத்துமணிப் பூ என்கிறோம். கேரளத்திலும் இதே பெயர்தான்; வியட்நாமியர் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கும் பத்துமணிப் பூ என்பதே பொருள். பெயரில் ரோஜா இருந்தாலும் ரோஜாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

இதே பெயரில் நர்சரிகளில் இரண்டு வகைச் செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்றின் இலை உருண்டு, ஊசிபோல் நீண்டு, கணுக்களில் வெண்மையான மெல்லிய முடிகளோடு இருக்கும். அடுக்குப் பூக்கள் பெரும்பாலும் இவ்வகையில்தான் வரும். மற்றொன்றின் இலை தட்டையாகவும் சற்று அகலமாகவும், கீரையின் இலையைப் போல இருக்கும். பூ பெரும்பாலும் ஐந்து இதழ்கள் கொண்ட ஒற்றைப் பூ. இது போர்ச்சுலாகா அம்ப்ராட்டிகோலா என்னும் இனத்திலிருந்து வந்தது. இதன் தண்டு கூடுதலாக நீண்டு தொங்குவதால், தொங்கும் தொட்டிக்கும் சுவரோரத்துக்கும் நான் இதையே சிபாரிசு செய்வேன். இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான் என்பதால், கீழே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும்.

இது எந்த நாட்டுச் செடி? நம் வெயிலை எப்படித் தாங்குகிறது?

பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, அர்ஜென்டினா ஆகியவை இதன் தாயகம். அர்ஜென்டினாவின் மெண்டோசா பக்கம், மணற்பாங்கான வறண்ட நிலத்தில் கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைக் கண்டெடுக்க, 1829-ல் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் இதற்குத் தாவரவியல் பெயர் சூட்டி வெளியிட்டார். தரை முழுவதும் செந்நீல நிறமாய்ப் பரவி, இடையிடையே செம்மஞ்சள் திட்டுகளோடு அங்கே அது பூத்துக் கிடந்ததாகக் கில்லீஸ் பதிவு செய்திருக்கிறார். இந்த விவரத்தை நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணல், வெயில், அரிதாகப் பெய்யும் மழை ஆகிய மூன்றுக்கும் பழகி வளர்ந்த செடி இது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், வேறு எந்தக் குறிப்பும் இல்லாமலேயே ஒருவர் இதை நன்றாக வளர்த்துவிடலாம்.

தண்டும் இலையும் நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்று உள்ளவை. அதோடு, ஒளிச்சேர்க்கையிலும் இந்தப் பேரினத்துக்கு ஒரு தனித்திறன் உண்டு. நீர் கிடைக்கும் நாட்களில் சோளமும் கரும்பும் கடும் வெயிலில் உணவு தயாரிக்கும் முறையையே இதுவும் கையாள்கிறது. நீர் குறைந்தால், கள்ளிச் செடிகளைப் போல இரவில் கரியமில வாயுவைப் பிடித்து வைத்துப் பகலில் பயன்படுத்தும் முறையையும் சேர்த்துக்கொள்கிறது. இவ்விரு முறைகளும் ஒரே இலையின் அதே உயிரணுக்களுக்குள் இணைந்து நடப்பதை, இதன் நெருங்கிய உறவான பருப்புக்கீரையில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினார்கள். வயலோரத்தில் களையென்று நாம் பிடுங்கி எறியும் பருப்புக்கீரைக்குள் இத்தனை நுட்பம் இருப்பதை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்புதான்.

மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

ஊற்றிய நீர் உடனே இறங்கி வெளியேற வேண்டும். இதைத் தவிர வேறு பெரிய விதி இல்லை. நான் இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மண்புழு உரம் என்று கலந்து, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளும் சேர்க்கிறேன். ஆற்று மணல் கிடைக்காதவர்கள் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள மாவு போன்ற தூள் ஈரம் பட்டதும் சிமெண்டைப் போல இறுகிவிடும் என்பதால், சலித்து, இரண்டு முறை கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். கரிசல் மண்ணும் களிமண்ணும் தொட்டிக்கு வேண்டாம். தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டைக் கலவையில் பாதியளவு போடும் வழக்கம் மாடித்தோட்டக்காரர்களிடம் பரவியிருக்கிறது. கத்தரிக்கும் தக்காளிக்கும் அது சரியாக இருக்கலாம், இந்தச் செடிக்கு நாட்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும் எதுவும் ஆகாது.

வேர் ஆழமாகப் போகாது. ஆறு அங்குல ஆழமுள்ள அகன்ற தட்டுத் தொட்டியே போதும். பெயிண்ட் வாளியோ தண்ணீர் பாட்டிலோ எதில் வைத்தாலும் அடியில் துளைகள் இருக்க வேண்டும். அந்தத் துளைகளை மண் அடைத்துக்கொள்ளாமல் ஓட்டுச் சில்லுகளை வைக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விட வேண்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நாட்கணக்குச் சொல்லும் விடை எதையும் நம்ப வேண்டாம். ஒரே வீட்டில், ஒரே நாளில், சிமெண்டுத் தரையில் இருக்கும் சிறிய தொட்டி மாலைக்குள் காய்ந்துவிடும். சுவர் நிழலில் இருக்கும் பெரிய தொட்டி நான்கு நாட்கள் ஈரமாகவே இருக்கும். ஆகவே நாளை எண்ணாமல் மண்ணைப் பார்க்க வேண்டும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றி, அதன்பின் மண் மறுபடி காயும்வரை விட்டுவிட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இச்செடிக்குச் செய்யக்கூடிய மிகக் கெட்ட உபகாரம். மேல் மண் எப்போதும் நனைந்தே கிடப்பதால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில்தான் அழுகல் தொடங்கும். சிறிய தொட்டியாக இருந்தால் கையில் தூக்கிப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். காய்ந்த தொட்டி ஈரத் தொட்டியைவிட எடை குறைந்திருப்பது கைக்கே தெரியும்.

செடியே கேட்கும் ஓர் அடையாளமும் உண்டு. தாகம் எடுத்த தண்டின் அடிப்பகுதி இலைகளை விரலிடையில் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால், வழக்கமான விறைப்பு இல்லாமல் துணியைப் போல் மடங்கும். மேல்தோலில் நீளவாக்கில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும். அந்த நிலையில் நீர் விட்டால் மறுநாள் காலைக்குள் இலைகள் மீண்டும் உப்பி நிற்கும். மாறாக, இலைகள் மஞ்சளாகிக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்படி ஆகி, தொட்டதும் உதிர்ந்தால், அது தாகம் அல்ல. நீர் மிகுதியின் அறிகுறி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அழுகும் செடிக்கு வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் முதல் ஆறு தொட்டிகளை நானும் அப்படித்தான் இழந்தேன்.

வறட்சியைத் தாங்கும் என்பதால் நீரே வேண்டாம் என்றும் பொருள் இல்லை. நீண்ட நாள் காயவிட்டால் செடி சாகாது. ஆனால் மொட்டுகள் விரியாமலே கருகிவிடும். கத்திரி வெயில் நாட்களில் சிறிய தொட்டிகளுக்கு அன்றாடம் காலையில் நீர் தேவைப்படலாம். அந்நாட்களில் சிமெண்டுத் தரையின் சூடு வேரைத் தாக்காமல் இருக்க, தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கற்களை வைத்து உயர்த்திவிடுவது நல்லது.

மொட்டுகள் நிறைய இருந்தும் பூ விரியவில்லை. ஏன்?

வெயில் போதவில்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும்; வெளிச்சம் வேறு, வெயில் வேறு. இந்தப் பூ விரிவதற்கு ஒளியோடு வெப்பமும் தேவை என்பதால், மேகம் மூடிய நாளில் அரைகுறையாய் விரியும், அல்லது மூடியே இருக்கும். ஒவ்வொரு பூவும் ஒரு நாள் மட்டுமே. காலையில் எட்டு, ஒன்பது மணிக்கு விரியத் தொடங்கி, உச்சிவெயில் தாண்டியதும் சுருங்கிவிடும். மாலையில் வீடு திரும்பும் பலர், செடி பூக்கவே இல்லை என்று வருந்துவது இதனால்தான். அவர்கள் விடுமுறை நாளில் காலை பதினொரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனியில் ஓரளவு பூக்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் கொடி நீளுமே தவிரப் பூக்காது. வீட்டுக்குள் வைக்கவே கூடாது.

தண்டை ஒடித்து நட்டாலே வளருமா?

வளரும். எளிய வழியும் அதுதான். பூக்காத, பிஞ்சுமல்லாத முற்றலுமல்லாத தண்டை மூன்று நான்கு அங்குல நீளத்துக்குக் கிள்ளி, கீழ்ப்பகுதி இலைகளை உருவிவிட்டு, நிழலில் அரை நாள் போட்டு வைக்க வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொண்ட பிறகு நட்டால் அழுகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஈரமணலில் ஓர் அங்குல ஆழத்தில் நட்டு, வெயில் நேராக விழாத ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்தால், ஏழு முதல் பத்து நாட்களில் வேர் பிடித்துவிடும். நுனியில் புதிய இலைகள் தெரிந்ததும் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கலாம். ஒரு தொட்டிக்கு ஒரே துண்டை நடாமல் எட்டுப் பத்துத் துண்டுகளை நெருக்கி நட்டால்தான் தொட்டி நிறைந்து வழியும்.

அடுக்குப் பூ வகைகளில் விதை குறைவாகவே பிடிக்கும். பிடித்தாலும் அதே பூ வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே பிடித்த நிறத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தண்டுதான் வழி.

வாங்கிய செடி ஒரு வாரத்தில் செத்துவிடுகிறதே?

பெரும்பாலான நர்சரிச் செடிகள் முழுக்க கோகோபீட்டில், நிழல்வலைக்கு அடியில் வளர்ந்தவை. ஒரு முறை ஓர் இடத்தில் நிறம் நிறமாகப் பன்னிரண்டு செடிகள் வாங்கி வந்து, கவரை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே நட்டேன்; பத்து நாளில் ஒன்பது போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தபோது சுற்றிலும் இருந்த என் மண் காய்ந்திருக்க, நடுவில் இருந்த நார் உருண்டை மட்டும் பிழிந்தால் நீர் சொட்டும்படி இருந்தது. அன்றிலிருந்து, வாங்கிய உடனே நுனிகளைக் கிள்ளித் தனியாக நட்டுவிடுவேன். தாய்ச்செடியின் வேரிலிருந்து நாரை இயன்றவரை உதறிவிட்டு மணற்கலவையில் மாற்றி, முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைப்பேன். தாய் போனாலும் பிள்ளைகள் நிற்கும்.

தரையில் புல்லுக்குப் பதிலாகப் படரவிடலாமா?

தாராளமாக விடலாம். வெயில் காயும் வாசல் ஓரம், மதில் அடி, பாறை இடுக்கு, மணல் சரிவு ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். அரையடி முதல் முக்கால் அடி இடைவெளியில் நட்டால், நல்ல வெயிலில் ஓரிரு மாதத்தில் தரை மூடிவிடும். ஆனால் இது மிதிபடும் புல்லுக்கு மாற்று அல்ல; சதைப்பற்றுள்ள தண்டு காலடி பட்டால் நசுங்கிவிடும். நடக்க வேண்டிய இடத்தில் கல் பதித்து, அதன் ஓரங்களில் மட்டும் படரவிடுவது சரி.

நடுவதற்கு முன் கோரையைக் கிழங்கோடு எடுத்துவிட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். செடி படர்ந்த பிறகு இடையில் முளைக்கும் கோரையைப் பிடுங்கினால், மேலோட்டமான வேர்கொண்ட பத்துமணியும் கூடவே கையோடு வந்துவிடும். தரையைச் சுற்றுப்புறத்தைவிட நான்கு விரற்கடை உயர்த்தி மேடாக்கி நடுவதும் அவசியம். அதன் காரணம் அடுத்த விடையில் இருக்கிறது.

மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

வெயிலில் பிழைத்த செடியை நாம் இழப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை சேர்ந்தாற்போல் நான்கு நாட்கள் பெய்தால், மண்ணில் காற்று புக இடமின்றி வேர் மூச்சடைக்கும். நீரில் பரவும் பூஞ்சைகள் தண்டின் அடியைப் பிடிக்கும். மேலே பச்சையாகத் தெரியும் தண்டை இழுத்தால், அடியில் பழுப்பாகக் குழைந்து கையோடு வரும்.

புரட்டாசியிலேயே மூன்று வேலைகளைச் செய்துவிடுவது என் வழக்கம். முதலில், ஒவ்வொரு நிறத்திலும் பத்துத் துண்டுகளைக் கிள்ளிச் சிறிய மணல் தொட்டிகளில் நட்டு, மழைச்சாரல் படாத ஆனால் வெளிச்சமுள்ள சன்ஷேடுக்கு அடியில் வைத்துவிடுவேன். எத்தனை பெரிய மழை வந்தாலும் அடுத்த ஆண்டுக்கான விதைப்பொருள் அதுதான். அடுத்து, மாடியில் இருக்கும் தொட்டிகளின் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு நீக்கி, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை எடுத்துவிடுவேன். மூன்றாவதாக, நீண்ட கொடிகளைப் பாதியாக வெட்டிவிடுவேன். அடர்ந்த கொடிக்குள் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்குவதே அழுகலுக்குப் பெரிய துணை. இந்த மாதங்களில் பூ குறைவாகத்தான் இருக்கும். அதற்காக உரம் போட வேண்டாம். தை பிறந்து வெயில் திரும்பியதும் செடி தானாகத் தழைக்கும்.

அழுகல் தொடங்கிய செடியைக் காப்பாற்ற மருந்து தேடுவதைவிட, அழுகாத நுனிகளை வெட்டிப் புதிய மணலில் நடுவது நூறு மடங்கு பயன் தரும். அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும்.

கொடி நீண்டுகொண்டே போகிறது; நடுவில் மொட்டையாகிவிட்டது. என்ன செய்வது?

கிள்ள வேண்டும். ஒரு நுனியைக் கிள்ளினால் அதற்குக் கீழே இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும். பூ கிளை நுனியில்தான் வரும் என்பதால், கிளைக்குக் கிளை பூ கூடும். நட்டு வேர் பிடித்ததும் ஒரு முறை, பிறகு பூப்பு ஓய்ந்ததும் ஒரு முறை கிள்ளிவிட்டால் போதும். ஐந்தாறு மாதம் ஆன தண்டு அடியில் கட்டைபோல் முற்றி இலையுதிர்ந்துவிடும். அதைச் சீர்திருத்தப் பார்க்காமல், நுனிகளைக் கொண்டு புதிய தொட்டி போடுவதே நல்லது.

என்ன உரம் போடலாம்?

மாதம் ஒரு முறை ஒரு பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். தழைச்சத்து மிகுந்த எந்த உரமும் இலையைக் கொழுக்கவைத்துப் பூவைக் குறைக்கும். யூரியாவைத் தொடவே வேண்டாம்.

பூச்சிகள் வருமா?

மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. கணுக்களில் பஞ்சு ஒட்டியது போலத் தெரியும். ஊசியிலை வகையின் கணுக்களில் இயல்பாகவே வெண்முடிகள் இருப்பதால், புதியவர்கள் முடியைப் பூச்சி என்றும் பூச்சியை முடி என்றும் எண்ணிவிடுவது உண்டு. குச்சியால் தொட்டால் பூச்சி பிசுபிசுப்பாக நசுங்கும், முடி அப்படியே இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அந்தத் தண்டை வெட்டி எறிந்துவிடலாம். கூடினால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயையும் சில துளி சோப்புக் கரைசலையும் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்; வெயிலில் தெளித்தால் இலை கருகும். எறும்புகள் ஏறி இறங்குவது தெரிந்தால், மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் நத்தைகள் இரவில் வந்து இளந்தண்டைத் தின்னும். டார்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பதே போதுமானது.

உடலெங்கும் முட்கிளைகள் கொண்ட கருநிறப் புழு ஒன்றைக் கண்டால் அவசரப்பட்டுக் கொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பருப்புக்கீரையையும் அதன் உறவுச் செடிகளையும் தின்று வளரும் ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் ஆண் கருஞ்சிறகில் பெரிய வெண்பொட்டுகளோடு இருக்கும். பெண்ணோ, பறவைகள் தின்னத் தயங்கும் வேறொரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் தோற்றத்தை அப்படியே பூண்டிருக்கும். இரண்டு கொடிகளை அதற்கு விட்டுக்கொடுத்தால் செடி மறுபடி துளிர்த்துவிடும்.

கீரையாகச் சமைக்கலாமா? நாய், பூனை தின்றால் ஆபத்தா?

சமையலுக்கு உரியது பருப்புக்கீரை; அழகுக்காக வளர்க்கும் இந்த வகைகளை உணவில் சேர்க்க வேண்டாம். நர்சரியில் என்ன மருந்து தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. இவற்றில் ஆக்சலேட் உப்புகள் உள்ளதால் நாயும் பூனையும் அதிகம் தின்றால் உடல்நலம் கெடக்கூடும். கடிக்கும் பழக்கமுள்ள பிராணிகள் இருக்கும் வீட்டில் தொங்கும் தொட்டியே பாதுகாப்பு.

ஒரே தொட்டியில் பல நிறங்களை நடலாமா?

நடலாம், ஆனால் வேகமாக வளரும் நிறம் மற்றவற்றை மூடிவிடும். என் அனுபவத்தில் அடர் இளஞ்சிவப்பு ஒற்றைதான் எப்போதும் வெல்கிறது, வெள்ளையும் அடுக்கு மஞ்சளும் பின்தங்குகின்றன. தனித்தனியாக வளர்த்துத் தொட்டிகளை அருகருகே வைப்பதே என் விருப்பம்.

தேனீக்கள் வருகின்றன. பூவைத் தொட்டால் உள்ளே ஏதோ அசைகிறதே, அது என்ன?

அசைபவை மகரந்தத் தாள்கள். ஒற்றைப் பூவின் நடுவே நிற்கும் மஞ்சள் தாள்களை ஒரு பக்கமாகத் துடைப்பத்தின் ஈர்க்கால் மெல்லத் தொட்டுவிட்டுக் காத்திருந்தால், அவை தொட்ட திசையை நோக்கி மெதுவாகச் சாய்வதைக் கண்ணால் காணலாம். பூவுக்குள் இறங்கும் தேனீயின் உடலில் மகரந்தம் நன்றாகப் படிய இது உதவும். பதினொரு மணி வெயிலில் கொசுத் தேனீக்கள் கால் நிறைய மஞ்சள் பொடியோடு பூவுக்குப் பூ தாவுவதைப் பார்க்க, குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அடுக்குப் பூக்களில் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிடுவதால் தேனீக்களுக்கு அங்கே அதிகம் கிடைப்பதில்லை. தேனீக்களுக்காகவாவது இரண்டு தொட்டி ஒற்றைப் பூ இருக்கட்டும்.

விதையை எப்போது, எப்படி எடுப்பது?

ஒற்றைப் பூ வாடி விழுந்த இரண்டு மூன்று வாரங்களில், அதன் இடத்தில் இருக்கும் சிறு காய் பச்சை மாறி வைக்கோல் நிறமாகும். குங்குமச் சிமிழைப் போல அதற்கு ஒரு மூடி உண்டு. போர்ச்சுலாகா என்ற பெயரே சிறு கதவு என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, இந்த மூடியை வைத்து வந்ததாகச் சொல்வார்கள். முற்றிய காயின் மூடியை நகத்தால் தள்ளினால் முழுதாகக் கழன்று வரும். கிண்ணம் போன்ற அடிப்பாகத்தில், எஃகுத் தூளைப் போல மின்னும் கருஞ்சாம்பல் விதைகள் குவிந்திருக்கும். காற்றில்லாத காலை வேளையில், அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஒரு மூச்சுக்காற்றே அவற்றைக் கொண்டுபோய்விடும். தாள் உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வைத்து, தை, மாசியில் நனைத்த மணலின்மேல் தூவி, மண்ணால் மூடாமல் விட்டுவிட வேண்டும். முளைக்க அவற்றுக்கு வெளிச்சம் தேவை. பூவாளியால் ஊற்றாமல், தெளிப்பானால் மட்டும் ஈரப்படுத்தி வந்தால், ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் சிவந்த தண்டோடு கடுகைவிடச் சிறிய இரட்டை இலைகள் தெரியும்.